வாக்குத்தத்த அட்டையா, மனப்பாட வசனமா, முழு அதிகாரமா: சோதனை வேளையில் எது நிற்கும்?

வேதாகமத்தோடு எப்படிப் பழகுவது என்பதை நம்மில் பெரும்பாலோர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ததில்லை. அம்மா காலையில் வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டு எடுப்பார், நாமும் எடுக்கிறோம். சபையில் வாசிப்பு அட்டவணை கொடுத்தார்கள். பிப்ரவரி வரை வாசித்தோம். ஓய்வுநாள் பள்ளியில் பரிசுக்காக மனப்பாடம் செய்த வசனங்கள் பாதி நினைவிருக்கின்றன, பாதி போய்விட்டன. ஆறுதலுக்கும் அறிவுக்கும் எல்லா வழியும் நல்ல வழிதான். ஆனால் "சோதனையை ஜெயிக்க வசனம்தான் ஆயுதம்" என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்த ஆயுதத்தைப் பழக எந்த வழி நல்லது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்த ஒரே அளவுகோலில் இந்த வழிகளை நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் சோதனை எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கும் ஒருவர். தீபாவளிக்கு முந்தைய வாரம் சப்ளையர் ஸ்வீட் பாக்ஸோடு வருகிறார். மூடியைத் தூக்கினால் மைசூர்பாகுக்கு மேலே ஒரு வெள்ளைக் கவர். "சும்மா பிள்ளைங்களுக்கு சார்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்திருக்கிறார். அவர் நாற்காலியிலிருந்து கதவு வரைக்கும் போகிற நேரம்தான் முடிவெடுக்கிற நேரம். அந்த நேரத்தில் மனசு சும்மா இருக்காது. ஸ்கூல் ஃபீஸ் கட்டணும், மேலே இருக்கிறவர் வாங்காததா, நான் கேட்டு வாங்கவில்லையே, திருப்பிக் கொடுத்தால் அவர் மனசு நோகாதா என்று நான்கு வக்கீல்கள் ஒரே நேரத்தில் வாதாடுவார்கள். யாக்கோபு சொல்வதும் இதைத்தான்: "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்." இந்த வக்கீல்களுக்குப் பதில் சொல்ல பைபிள் ஆப்பைத் திறந்து தேட நேரம் கிடையாது. ஏற்கெனவே உள்ளே இருப்பதுதான் வெளியே வரும்.

இந்த இடத்தில் வாக்குத்தத்த அட்டை என்ன செய்யும்? டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புது வருட அட்டையை வாங்கி பர்ஸில் வைத்துக்கொள்வது நம் சபைகளில் ஊறிப்போன பழக்கம். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அட்டையில் அச்சாகும் வசனங்கள் பெரும்பாலும் வாக்குறுதிகள்தான். கட்டளைகள் அதில் ஏறுவதில்லை. எபிரெயர் 13:5 நல்ல உதாரணம். "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அதே வசனத்தின் முதல் பாதி: "நீங்கள் பண ஆசையில்லாதவர்களாய் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்." முழு வசனமும் அந்தக் கவர் மேஜைமேல் இருக்கிற நேரத்துக்கென்றே எழுதினது போல இருக்கிறது. கடவுள் கைவிடமாட்டார், அதனால் காசுக்குப் பின்னால் போகாதே என்பது அதன் நியாயம். முதல் பாதியை வெட்டி எடுத்துவிட்டால் கவரை வாங்கி வைத்துக்கொண்டே அந்த வசனத்தைச் சொல்லிக்கொள்ளலாம். பிலிப்பியர் 4:13, "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு", அதுவும் இப்படித்தான். முந்தின வசனத்தில் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார் பவுல். அது அட்டையில் வராது.

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைக்கிற வழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இதற்குப் பழைய திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்தில் ஒரு குழந்தையின் குரல் கேட்டு, பவுலின் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ரோமர் 13:13, 14ஐ வாசித்து மனம் திரும்பினார், உண்மைதான். ஆனால் அவர் அந்தப் புத்தகத்தை அன்றுதான் முதல்முதலாகத் தொட்டவர் அல்ல; அதற்கு முன்பே பவுலை ஊன்றி வாசித்துக்கொண்டிருந்தவர். சுவிசேஷப் புத்தகத்தைத் திறந்து சீட்டுப்போல் பலன் பார்க்கும் வழக்கம் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவரே பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். சாட்சி நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

அடுத்தது ஓராண்டு வாசிப்பு. 1,189 அதிகாரங்கள், ஒரு நாளைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேல். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842இல் தன் சபைக்காகத் தயாரித்த அட்டவணை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் நாளுக்கு நான்கு அதிகாரம். பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை முடியும். ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போகிறவர்கள் ஜனவரி கடைசியில் லேவியராகமத்தை எட்டுவார்கள். பலருடைய பயணம் அந்த ஊரோடு நின்றுவிடுவது எல்லோருக்கும் தெரிந்த கதை.

நின்றுபோகாமல் முடிப்பவர்களுக்கும், சோதனை வேளைக்கு இது நேரடியாக அதிகம் உதவாது என்பதே என் எண்ணம். வேகமாக வாசித்தது மனசில் தங்காது. கணக்கு முடிக்கிற அவசரத்தில் நான்கு அதிகாரம் ஓடிவிடும், மாலையில் கேட்டால் என்ன வாசித்தோம் என்று சொல்லத் தெரியாது. ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு, அதை வேறு எதுவும் தராது. யாராவது ஒரு வசனத்தைத் தனியாகப் பிய்த்து நீட்டினால், "இது இப்படி இல்லையே" என்று உள்ளே ஏதோ உறுத்தும். யூதா நிருபம், ஆகாய் போன்ற அதிகம் திறக்காத சின்னப் புத்தகங்களையும் ஒரு முறையாவது வாசித்தவருக்கு வரும் உறுத்தல் அது. அந்த உறுத்தலுக்காக இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வருடத்தில் முடிக்கவேண்டும் என்று எந்தக் கட்டளையும் இல்லை. மூன்று வருடம் ஆனாலும் சரி.

தலைப்பு வாரியாக வசனங்களை மனப்பாடம் செய்வது அடுத்த வழி. கோபத்துக்கு நீதிமொழிகள் 15:1, குடிக்கு நீதிமொழிகள் 23:31, லஞ்சத்துக்கு யாத்திராகமம் 23:8, கண்களின் இச்சைக்கு யோபு 31:1 என்று சின்ன அட்டைகளில் எழுதி வைத்துக்கொள்வார்கள். இது வாலிபர் கூட்டங்களில் பிறந்த யோசனை என்று நினைத்தால், இதற்கு வயது 1,600 வருடத்துக்கும் மேல். பொந்து தேசத்தைச் சேர்ந்த எவாக்ரியுஸ் எகிப்து வனாந்தரத்தில் துறவியாக வாழ்ந்து 399இல் இறந்தார். மனிதனைத் தாக்கும் எட்டு எண்ணங்கள் என்று ஒரு பட்டியல் போட்டவர் அவர்: பெருந்தீனி, காமம், பண ஆசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்புகழ், பெருமை. ஒவ்வொன்றுக்கும் எதிராக எந்த வசனத்தைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று ஏறக்குறைய 500 பதிவுகளை எட்டுப் பகுதிகளாகத் தொகுத்தார். வனாந்தரத்தில் இயேசு சாத்தானுக்கு வசனத்தால் பதில் சொன்னதையே அதற்கு முன்மாதிரியாக வைத்தார்.

எவாக்ரியுஸிடம் எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியல் அல்ல, சோதனையை அவர் பார்த்த கூர்மை. பண ஆசை எப்படிப் பேசும் என்று இன்னொரு நூலில் எழுதுகிறார்: நீண்ட முதுமை வரும், கைகள் வேலை செய்யாது, பஞ்சம் வரும், வியாதி வரும், பிறரிடம் கைநீட்டுகிற வெட்கம் வரும் என்று அது பயமுறுத்துமாம். பேராசை பேராசையின் முகத்தோடு வருவதில்லை, முன்யோசனையின் முகத்தோடு வருகிறது. சலிப்பைப் பற்றிச் சொல்லும்போது, அது நண்பகலில் வந்து சூரியன் நகரவே இல்லை, நாளுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றச் செய்யும் என்கிறார். மதியம் 3 மணிக்கு ஆபீஸில் காரணமே இல்லாமல் செல்போனைத் தடவுகிற யாருக்கும் இது புரியும். தன் சோதனை எந்த வார்த்தைகளில் பேசுகிறது என்று தெரிந்தால்தான் அதற்கு எதிர்வசனம் தேடமுடியும். தலைப்பு வாரி மனப்பாடத்தின் உண்மையான பலம் இதுதான், தன்னைக் கவனிக்கச் சொல்லித்தருவது.

பலவீனம் எங்கே? ஏதேனில் ஏவாளும் கடவுளின் வார்த்தையைச் சொல்லித்தான் பதில் கொடுத்தாள். ஆனால் கட்டளையில் இல்லாத "அதைத் தொடவும் வேண்டாம்" என்பது அவள் பதிலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆதியாகமம் 2:17ஐயும் 3:3ஐயும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் தெரியும். இன்னும் பயப்படவேண்டியது, பிசாசு இயேசுவைச் சோதித்தபோது தேவாலயத்து உப்பரிகையில் நடந்தது. அங்கே வசனம் சொன்னது பிசாசு. 91ஆம் சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களை எடுத்து, நடுவில் "உன் வழிகளிலெல்லாம்" என்பதை விட்டுவிட்டுச் சொன்னான். விரியன் பாம்பை மிதிப்பாய் என்று வருகிற 13ஆம் வசனத்துக்கு அவன் போகவே இல்லை. தனி வசனங்களாக மட்டும் நூறு தெரிந்து வைத்திருப்பவர், தனக்குச் சாதகமான வசனத்தை எடுத்து நீட்டுவதிலும் தேர்ந்தவராகிவிடுவார். கவரை வாங்கிக்கொண்டு "கர்த்தருடைய ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும்" என்று நீதிமொழிகள் 10:22ஐச் சொல்ல முடியும். யார் மறுப்பது?

இயேசு அங்கே பிசாசுக்குக் கொடுத்த பதில்களைக் கவனித்தால் அடுத்த வழி தெரிகிறது. மூன்று பதில்களும் ஒரே புத்தகத்திலிருந்து வருகின்றன: உபாகமம் 8:3, 6:16, 6:13. ஒரே புத்தகம் மட்டுமல்ல, மூன்று அதிகாரங்களுக்குள் அடங்குகிற ஒரே நீண்ட பேச்சு. இஸ்ரவேல் வனாந்தரத்தில் 40 வருடம் பட்ட பாட்டை மோசே அங்கே நினைவுபடுத்துகிறார்: பசி, மன்னா, மாசாவில் தண்ணீருக்காகக் கர்த்தரைப் பரீட்சை பார்த்தது. அந்தப் பேச்சின் தொடக்கத்தில்தான் யூதர்கள் நாள்தோறும் சொல்லும் "இஸ்ரவேலே, கேள்" என்ற அறிக்கையும் வருகிறது. 40 நாள் பசியோடு வனாந்தரத்தில் இருந்தவர், வனாந்தரத்தைப் பற்றிய பகுதிக்குள்ளேயே நின்றுகொண்டு பதில் சொன்னார் என்றே நான் இதை வாசிக்கிறேன். அதனால்தான் பிசாசு வசனத்தை நீட்டியபோதும் அவர் தடுமாறவில்லை. "என்றும் எழுதியிருக்கிறதே" என்று இன்னொன்றைப் பக்கத்தில் வைக்க முடிந்தது.

ஆகவே முழுப் பகுதியை மனப்பாடம் செய்வதுதான் என் முதல் தேர்வு. பத்துத் தனி வசனங்களைவிட ஒரு முழு அதிகாரம் மேல். அதிகாரத்துக்குள் நியாயம் இருக்கிறது, கதை இருக்கிறது, வாக்குறுதிக்குப் பக்கத்திலேயே கட்டளை இருக்கிறது. பாதியை வெட்ட வசதிப்படாது. உபாகமம் 8ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், 20 வசனம்தான். முதல் பாதி பசியைப் பற்றி. அப்புறம் திரும்பி, வயிறு நிறைந்து, நல்ல வீடு கட்டி, வெள்ளியும் பொன்னும் பெருகினபின் வரும் சோதனையைப் பேசுகிறது: இதெல்லாம் என் சாமர்த்தியம் என்று உள்ளத்தில் சொல்லிக்கொள்வது. வீட்டுக் கடன் கட்டமுடியாமல் தவிப்பவருக்கும், கடனை அடைத்து மாடி எடுத்தவருக்கும் அதே அதிகாரத்தில் இடம் இருக்கிறது.

பிறர் வாழ்வதைப் பார்த்து வயிறெரிவதுதான் உங்கள் சோதனை என்றால் 73ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். "வீம்புக்காரராகிய அவர்கள்மேல் பொறாமை கொண்டேன்" என்று ஆசாப் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, நான் சுத்தமாய் இருந்தது வீண்தானா என்று புலம்பி, பிறகு பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிறான். புலம்பலும் சேர்ந்தே மனப்பாடமாகும். அதுதான் இதன் அழகு. தனி வசனம் "பொறாமைப்படாதே" என்று மட்டும் சொல்லும். சங்கீதமோ பொறாமைப்பட்டவன் எப்படி வெளியே வந்தான் என்று கூட்டிக்கொண்டு போகும்.

சிரமம் உண்டு, மறைக்கவேண்டாம். நாற்பதைத் தாண்டியபின் 20 வசனம் என்றால் பலருக்கு மலைப்பு. ஒரு நாளைக்கு ஒரு வசனம், ஒவ்வொரு நாளும் முதல் வசனத்திலிருந்து ஆரம்பித்து, வாய்விட்டுச் சொல்லவேண்டும். கண்ணால் மட்டும் ஓட்டினால் நிற்காது. ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர் 1539இல் எழுதிய ஒரு முன்னுரையில், தியானம் என்பது மனசுக்குள் மட்டும் செய்வதல்ல, வாயால் திரும்பத் திரும்பச் சொல்லியும் வாசித்தும் செய்வது என்று வற்புறுத்துகிறார். வேதத்தைப் படிக்க அவர் சொன்ன மூன்று படிகள் ஜெபம், தியானம், சோதனை. மூன்றாவது படியைப் பாருங்கள். சோதனை படிப்புக்கு இடைஞ்சல் இல்லையாம், படிப்பின் பகுதியாம். ஒரு நோட்டில் கையால் எழுதுவது, செல்போனில் தன் குரலிலேயே பதிவு செய்து பஸ்ஸில் கேட்பது, இரண்டும் உதவும். ஒரே மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வார்த்தைகள் கலந்து குழம்பும்.

சரி, முழு அதிகாரம் உள்ளே இருந்தும், ஆசை தலைக்கேறின நிமிடத்தில் 20 வசனம் சொல்லமுடியுமா? முடியாது. அந்த நிமிடத்துக்கென்று பழைய துறவிகள் வைத்திருந்தது ஒற்றை வரி. ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன், எகிப்தில் கேட்ட போதனைகளை எழுதும்போது, ஐசக் என்ற துறவி கற்றுக்கொடுத்த வரியைப் பதிவு செய்கிறார். அது 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். தேவனே, என்னை விடுவியும். கர்த்தாவே, எனக்கு உதவிசெய்ய விரைந்து வாரும் என்பது அதன் பொருள். பெருந்தீனி இழுக்கும்போதும் இது, தூக்கம் வராமல் தவிக்கும்போதும் இது, கோபம் வரும்போதும் இது, எல்லாம் நன்றாகப் போய்ப் பெருமை தலைதூக்கும்போதும் இதுவே என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். இது பிசாசிடம் பேசுகிற வரி இல்லை, தேவனிடம் கேட்கிற வரி. எவாக்ரியுஸ் வழியில் நாம் சோதனையோடு வாதாடுகிறோம். இங்கே வாதத்தை விட்டுவிட்டுக் கூப்பிடுகிறோம். வாதாடுகிற தெம்பு இல்லாத நேரத்துக்கு இது பொருந்தும், அப்படிப்பட்ட நேரங்கள்தான் அதிகம்.

ஒரு ஆபத்து: திரும்பத் திரும்பச் சொல்கிற வரி மந்திரமாக மாறிவிடும். தலையணைக்கடியில் பைபிளை வைத்தால் கெட்ட கனவு வராது என்று நம்புகிற வீடுகள் உண்டு. அப்போஸ்தலர் 19இல் ஸ்கேவாவின் ஏழு குமாரர் இயேசுவின் பெயரை இப்படித்தான் உபயோகித்துப் பார்த்தார்கள். ஆடையிழந்து, காயப்பட்டு ஓடினார்கள். யாக்கோபு 4:7லும் "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்பதற்கு முன்னால் "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது.

இனி, எந்த வாசிப்பு முறையும் போதாத சோதனைகள். இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் "வசனத்தை அறிக்கை செய், விட்டுப்போகும்" என்று மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், விட்டுப்போகாதபோது தங்கள் விசுவாசத்தையே சந்தேகிக்கிறார்கள். பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு "விலகியோடி" என்றுதான் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நின்று வசனம் சொல் என்று எழுதவில்லை. யோசேப்பு போத்திபாரின் மனைவியிடம் முதலில் நியாயம் சொன்னான். அவள் நித்தம் நித்தம் வற்புறுத்தியும் இணங்கவில்லை. கடைசியில் ஆடையை விட்டுவிட்டு ஓடினான். இரவு பதினொரு மணிக்குச் செல்போன்தான் சோதனை என்றால், சார்ஜரை ஹாலில் மாட்டுவது யோசேப்பு செய்ததற்குச் சமம். ஆன்லைன் ரம்மியில் பணம் போகிறது என்றால் ஆப்பை அழித்து, வங்கிக் கணக்கை மனைவியின் பார்வைக்குக் கொண்டுவரவேண்டும். குடி ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் மருத்துவரிடம் போகவேண்டும். திடீரென்று நிறுத்துவதே உடம்புக்கு ஆபத்தாகலாம், உபவாச ஜெபத்தில் உட்காரவைத்து நிறுத்தப் பார்ப்பது அறிவுடைமை அல்ல.

ஒரு ஆளிடம் சொல்வதும் வேதம் காட்டும் வழிதான். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. மற்ற பல சபைகளில் அதற்கென்று அமைப்பு இல்லாததால் அந்த வசனம் பெரும்பாலும் பிரசங்கத்தோடு நின்றுவிடுகிறது. ஜெபக் குழுவில் பொதுவாக "எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்வது இதற்கு ஈடாகாது. வெளியே சொல்லாத ஒரே ஒரு ஆள், உங்கள் வயதுக்கு மேலானவராக இருந்தால் நல்லது, அவரிடம் விஷயத்தைப் பெயர் சொல்லிச் சொல்லவேண்டும். அந்த ஆளைத் தேடுவது ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்வதைவிடக் கஷ்டம்.

இருபது நிமிடக் கணக்குக்கு வருவோம். நானாக இருந்தால் பத்து நிமிடத்தை ஒரே அதிகாரத்துக்குக் கொடுப்பேன், அது உள்ளே இறங்க ஒரு மாதம் ஆனாலும் இரண்டு மாதம் ஆனாலும். மீதியில் ஒரு சங்கீதமும், வரிசையாகப் போகிற வாசிப்பில் ஒரு அதிகாரமும். நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் முழு வேதாகமம் முடிய மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், ஆகட்டும். ஒற்றை வரிக்குத் தனி நேரம் வேண்டாம், படிக்கட்டு ஏறும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் அது ஓடும். புது வருட அட்டையைத் தூக்கிப் போடவேண்டாம். அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தைத் திறந்து, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று ஜனவரி முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால், அதுவே அந்த வருடத்தின் முதல் மனப்பாடப் பகுதியாகிவிடும்.

இளம் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. அவர்களுக்கு நினைவாற்றல் அதிகம், பொறுமை குறைவு. 119ஆம் சங்கீதம் 176 வசனம் என்றாலும் எட்டு எட்டாக 22 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளியின் பத்து நாளில் ஒரு பகுதி சுலபமாக முடியும். 9ஆம் வசனத்திலிருந்து 16 வரை எடுத்துக்கொண்டால், வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான் என்ற கேள்வியில் ஆரம்பிக்கும். "உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" என்ற 11ஆம் வசனமும் அதற்குள்ளேயே வந்துவிடும்.